கோவளம் நிறுத்தத்தில் நின்றவள்

எனக்கென்று ஒரு பொழுது இருந்தது. ஃபஜர் தொழுதுவிட்டுப் பாயைச் சுருட்டி வைப்பதில் தொடங்கி, தெருமுனையில் தண்ணீர் லாரி ஹாரன் அடிப்பது வரைக்கும். அதற்குப் பிறகு குடம், அடுப்பு, துணி, அப்புறம் தாம்பரம் மார்க்கெட்டில் அண்ணனின் தோல்பைக் கடை. நான் போய்க் கல்லாவில் உட்கார்ந்தால்தான் அண்ணன் சரக்கு எடுக்க வெளியே போக முடியும். ஆகவே லாரி வருவதற்குள் எழுதியதுதான் எழுத்து. மற்றபடி நான் எழுத்தாளர் என்பதற்கு வேறு அத்தாட்சி எதுவும் கிடையாது.

சேலையூரைத் தாண்டி உள்ளே, வயலாக இருந்து மனைகளாகிவிட்ட ஒரு லேஅவுட்டில் எங்கள் வீடு. என் கணவர் ஷார்ஜாவில் சம்பாதித்துக் கட்டியது. கட்டியவர் அங்கே, குடியிருக்கிறவள் இங்கே. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வந்து, சுவரில் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். பிள்ளைகள் இல்லை. இருபுறமும் நம்பர் எழுதிய கல் நட்ட காலி மனைகள். குரல் கொடுத்தால் கேட்கிற தூரத்தில் ஒரு வீடும் கிடையாது. "உனக்கென்ன, நிம்மதியா உட்கார்ந்து எழுதலாம்" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆளில்லாத வீட்டில் நிம்மதி இருக்கும் என்று இவர்களுக்கு யார் சொன்னது? சத்தம் இருக்காது, அவ்வளவுதான்.

அந்த வருஷங்களில் நான் இரண்டாவது நாவலில் இருந்தேன். பள்ளிக்கரணையில் பிறந்து கோவளத்தில் வாழ்க்கைப்பட்ட ஒருத்தி, ஒரு நாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுப் புறப்படுகிறாள். கோவளம் பஸ் நிறுத்தத்தில் வந்து நிற்கிறாள். பஸ் வர வேண்டும், அவள் ஏற வேண்டும். எங்கே இறங்குவாள் என்பது எனக்கே தெரியாது. ஏறட்டும், தானாகத் தெரியும் என்று இருந்தேன். நான் எழுதுகிற லட்சணம் எப்போதும் அதுதான்.

கோவளம் எனக்குத் தெரிந்ததெல்லாம் மீன்காரம்மா மூலமாகத்தான். காலையில் அங்கே கரையில் மீன் எடுத்து, கேளம்பாக்கம், வண்டலூர் வழியாகத் தாம்பரத்துக்குப் பஸ் பிடித்து, தெருத்தெருவாக விற்றுக்கொண்டு எங்கள் லேஅவுட் வரைக்கும் வருவாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவாள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். நான் அவளை அக்கா என்பேன், அவள் என்னைப் பாயம்மா என்பாள். எங்கள் இருவருக்கும் அது போதுமானதாக இருந்தது. வாசல்படியில் கூடையை இறக்கி, சங்கராவைச் செதில் சுரண்டிக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள். கடைக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டே நானும் உட்கார்ந்து கேட்பேன்.

ஒரு நாள் அவளிடம் கேட்டேன். "ஏன்க்கா, ஒரு பொம்பளை வீட்டுல சொல்லாம கிளம்பி உங்க ஊரு பஸ் ஸ்டாப்ல நின்னா என்ன ஆகும்?"

"எந்தப் பொம்பள?"

"நான் எழுதுற கதையில வர்றவ."

கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "சும்மா நின்னா நாலு பேரு கேப்பான், எங்க போறேன்னு. கூடையத் தூக்கினு நின்னா எவன் கேப்பான்? யாவாரத்துக்குப் போறான்னு வுட்டுருவான்."

"கூடையில மீன் இருக்கணுமே."

"இன்னாத்துக்கு? ஒரு சாக்கப் போட்டு மூடிக்கினா, உள்ள மீன் கீதா இல்லியான்னு எவன் தொறந்து பாக்கப் போறான்?"

மறுநாள் விடியற்காலையில் என் கதாநாயகியின் இடுப்பில் ஒரு வெறுங்கூடையை ஏற்றி, மேலே ஈரச்சாக்கைப் போட்டு மூடினேன். கனமான கூடையைச் சுமக்கிறவள் போல அவள் ஒரு பக்கம் சாய்ந்து நின்றாள். அந்தப் பக்கத்தை எழுதி முடித்தபோது எனக்கு உடம்பெல்லாம் சூடாக இருந்தது. அதைச் சொன்னபோது மீன்காரம்மா நெடுநேரம் சிரித்தாள். அதற்குப் பிறகு வரும்போதெல்லாம், கூடையை இறக்குவதற்கு முன்பே கேட்பாள்: "இன்னா பாயம்மா, அந்தப் பொம்பளைக்கு பஸ்ஸு வந்துச்சா?"

"இன்னும் வரலைக்கா."

"சீக்கிரம் வரச் சொல்லு. நின்னு நின்னு காலு நோவும் அவளுக்கு. வந்தா எனக்கு வாயால சொல்லணும், எனக்குப் படிக்கத் தெரியாது."

இந்த நாவல் எப்போது வரும் என்று என்னைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

என் முதல் புத்தகம் ஒரு குறுநாவல். பதிப்பாளர் பட்டணத்தில் ஓர் அச்சகத்தின் மாடியில் ஒற்றை அறையில் இருந்தார். நல்ல மனிதர், கணக்கு வழக்கில்தான் சோகம். அடுத்த நாவலைப் பற்றிப் பேசலாம் என்று போனபோது கட்டிலுக்கு அடியில் காட்டினார். என் புத்தகங்கள் கட்டுக்கட்டாக அங்கே படுத்திருந்தன.

"கதை நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா உங்களை யாருக்குத் தெரியும்? கூட்டத்துக்கு வர மாட்டேங்கிறீங்க, யாரையும் பார்க்க மாட்டேங்கிறீங்க. இப்பெல்லாம் இன்டர்நெட்ல பிளாக்னு ஒண்ணு எழுதுறாங்களே, ஒண்ணு ஆரம்பிங்க. நாலு பேர் உங்க பேரைப் பார்க்கட்டும்."

வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் என் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்று என் கணவர் வாங்கி வைத்தது. மானிட்டருக்கு மேலே ஒரு குட்டிக் கேமரா. வாரத்தில் மற்ற நாட்களில் கம்ப்யூட்டருக்குப் பூப்போட்ட உறை போட்டு மூடி வைத்திருப்பேன். பதிப்பாளரின் பேச்சைக் கேட்டு உறையை எடுத்தேன். திருப்பி மாட்டுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று.

தமிழ் தட்டச்சுப் பழகினேன். ஒரு வலைப்பூ தொடங்கினேன். முதலில் எழுதியது தண்ணீர் லாரி பற்றி. ஹாரன் சத்தம் கேட்டதும் நைட்டிக்கு மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு குடத்தோடு ஓடும் எங்கள் தெருப் பெண்களைப் பற்றி. பதிவைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் கீழே ஒரு பின்னூட்டம். "உள்ளேன் அம்மா!" என்று ஒரு சிரிப்பானோடு. வகுப்பில் ஆஜர் சொல்வது போல அந்தக் கூட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. யாரோ ஒருவர் எங்கிருந்தோ என் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, நான் இருக்கிறேன் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டேன். அன்று சாப்பாடுகூட ருசியாக இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

பொய் சொல்லக் கூடாது, சந்தோஷமாகத்தான் இருந்தது. சட்டென்று ஊரே சொந்தமான மாதிரி இருந்தது. ஒவ்வொருத்தருக்கும் ஒரு புனைபெயர். மின்னலாம், மொட்டை மாடியாம், ஊர்சுற்றியாம், ஒருத்தருக்குக் காலிப் பானையாம். இவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் யாருக்கு மாமியார் சண்டை, யாருக்கு ஆபீசில் வேலை போகிற மாதிரி இருக்கிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

ஆனால் அந்த உலகத்துக்கும் சில வழக்கங்கள் இருந்தன. கல்யாண வீட்டு மொய் மாதிரிதான். நான் போய் அவர்கள் பதிவில் இரண்டு வரி எழுதினால், அவர்கள் வந்து என் பதிவில் இரண்டு வரி எழுதுவார்கள். எழுதாவிட்டால் மனஸ்தாபம். தமிழ் வலைப்பூக்களை எல்லாம் ஒரே இடத்தில் காட்டும் திரட்டி என்று ஒரு தளம் இருந்தது. எந்தப் பதிவுக்குப் புதிதாகப் பின்னூட்டம் வருகிறதோ அது முகப்பில் மேலே ஏறும். பின்னூட்டம் நின்றால் கீழே இறங்கிக் காணாமல் போகும். ஆகவே பத்துப் பேர் கருத்துச் சொன்னால் பத்துப் பேருக்கும் மொத்தமாக ஒரு நன்றி சொல்லக் கூடாது. ஒருத்தருக்குச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நன்றிக்கும் பதிவு ஒருமுறை மேலே வரும். இதற்கு நாங்களே பின்னூட்டக் கயமை என்று பெயர் வைத்துச் சிரித்துக்கொள்வோம். சிரித்துக்கொண்டே எல்லோரும் செய்வோம். நான் அதில் கெட்டிக்காரி. ஒருத்தருக்கு நன்றி சொல்லிவிட்டு அரிசி களைவேன். இன்னொருவருக்குச் சொல்லிவிட்டுத் தாளிப்பேன்.

காலைப் பொழுதை அதற்குக் கொடுக்கக் கூடாது என்றுதான் முதலில் இருந்தேன். நேற்றுப் போட்ட பதிவு எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுத உட்காரலாம் என்று ஆரம்பித்தது. பார்த்தால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பதில் சொன்னால் அவர்கள் பதிவையும் போய்ப் பார்க்க வேண்டும். அதற்குள் லாரி ஹாரன் அடித்துவிடும். நாளைக்கு எழுதலாம் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். நாளைக்கும் அதே லாரி.

கோவளத்தில் அவள் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள்.

எழுதினதே இல்லை என்றும் சொல்ல முடியாது. முன்னைவிட நிறையவே எழுதினேன். மார்க்கெட்டில் பையின் ஜிப்பை நூறு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்கள், எலக்ட்ரிக் ட்ரெயினில் பல்லாவரம் வந்ததும் எழுந்து நின்று தங்கள் இடத்தைப் பிறருக்குத் தருகிற பெண்கள், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் குப்பைக்கு நடுவே நிற்கிற கொக்குகள். எல்லாம் பதிவாயிற்று. நாவலுக்கு என்று வைத்திருந்ததையும் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். வந்தவர்களுக்கு ஏதாவது கொடுத்து உட்கார வைக்க வேண்டுமே. காலியாகிவிட்ட அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பார்ப்பது போல ஒரு நாள் நாவலைத் திறந்தேன். மூடிவிட்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் என் கணவர் கேமராவில் வருவார். பின்னால் மற்றவர்களின் கட்டில்கள், கொடியில் துணி. அவர் பேசப் பேச நான் திரையில் இன்னொரு ஜன்னலில் பதில் அடித்துக்கொண்டிருப்பேன்.

"யாருகூட அது, தட்டிக்கிட்டே இருக்கே?"

"ஒண்ணுமில்லை மச்சான், பதிவுக்குப் பதில்."

"ம்ம். நான் பேசறது கேக்குதா?"

"கேக்குது, சொல்லுங்க."

அவர் சொல்ல வந்ததைச் சொன்னாரோ இல்லையோ, எனக்கு நினைவில்லை. கொஞ்ச நேரத்தில் லைன் சரியில்லை என்று சொல்லி அணைத்துவிடுவோம்.

மீன்காரம்மா மட்டும் விடவில்லை. "இன்னாம்மா, வந்துச்சா?" என்பாள். வழியில் பஸ் ரிப்பேர் ஆகிவிட்டது என்பேன். மழை என்பேன். டிரைவர்கள் ஸ்டிரைக் என்றுகூட ஒருமுறை சொன்னேன். முதலில் சிரித்தாள். போகப் போகச் சிரிப்பு குறைந்தது. ஒரு நாள் செதில் சுரண்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அவ எங்கதான் போவா பாயம்மா? அம்மா வூட்டுக்கா?"

"தெரியலைக்கா."

"அம்மா வூட்டுல எத்தினி நாளைக்கு வெச்சிப்பாங்க? அண்ணன் பொண்டாட்டி இன்னா சொல்வா? எங்கியாச்சும் வேல கெடைக்குமா அவளுக்கு?"

"யோசிச்சுச் சொல்றேன்க்கா" என்றேன். உள்ளே கம்ப்யூட்டர் டிங் என்றது. புதுப் பின்னூட்டம் வந்தால் வருகிற சத்தம். மீனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. இத்தனை பேரைச் சேர்த்தாயிற்றே, பதிப்பாளர் கண்ணால் பார்க்கட்டும் என்று. தாம்பரத்திலேயே ஒரு வாசகர் சந்திப்பு வைத்து அவரையும் அழைத்துவிட்டால், கூட்டத்தைப் பார்த்ததும் இரண்டாவது நாவலை நம்பிப் போடுவார். மேற்குத் தாம்பரத்தில் ஒரு சங்கத்தின் மாடி அறையைப் பிடித்தேன். அறிவிப்புப் பதிவு போட்டேன். நான் எழுதிய எதற்கும் அப்படி ஒரு வரவேற்பு இருந்ததில்லை. முதல் ஆள் நான்தான் என்றார்கள், குடும்பத்தோடு வருகிறேன் என்றார்கள். சமோசாவா போண்டாவா என்று இரண்டு பேருக்குள் ஒரு பட்டிமன்றமே நடந்தது. அறிவிப்பு மூன்று நாள் முகப்பை விட்டு இறங்கவில்லை. பின்னூட்ட எண்ணிக்கை நூற்றைத் தாண்டியது.

அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் சமோசாவுக்குச் சொன்னேன். கொஞ்சம் பேர் வராமல் போகலாம் என்று கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னேன். எவ்வளவு விவரமானவள் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வாடகை நாற்காலிகள் வரிசையாக இருந்தன. அண்ணன் டீ டிரம்முக்குப் பக்கத்தில் நின்றார். பதிப்பாளர் பூங்கா ஸ்டேஷனிலிருந்து எலக்ட்ரிக் ட்ரெயினில் புத்தகக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திறங்கினார். கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு பதிவர் மனைவியோடு வந்தார். காலிப் பானை அவர்தான் என்று தெரிந்தது. வழுக்கையும் வெட்கமுமாக இருந்தார். மனைவிக்கு அந்தப் பெயரே அன்றுதான் தெரிய வந்திருக்கிறது போல, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் படியில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். கீழ்க் கடைக்காரர் ஒருமுறை, நாற்காலிக்காரர் ஒருமுறை. வேறு யாரும் வரவில்லை.

பதிப்பாளர் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. இரண்டு சமோசா சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அது கிடக்கட்டும்மா. நாவல் முடிஞ்சுதா? கையெழுத்துப் பிரதி கொண்டு வந்திருக்கீங்களா?"

"இல்ல சார். கூட்டத்தைப் பார்த்தா நீங்க..."

"கூட்டத்தை வச்சு நான் என்னம்மா பண்றது? அச்சுக் கூலிக்கு ஒருத்தர் உதவறேன்னு இருக்கார். ஜனவரி புத்தகக் கண்காட்சிக்குள்ள போடலாம்னு பிரதியை வாங்கிட்டுப் போகத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்."

"என் பிளாக்கைப் பார்த்தீங்களா சார்?"

"எனக்கு எங்கம்மா நேரம்?" என்றார். அவர் குத்தலாகச் சொல்லவில்லை, உண்மையாகத்தான் சொன்னார். அந்த ஜனவரிக்கு அவர் வேறொருவர் நாவலைப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை அந்தப் பின்னூட்டங்களை மேலிருந்து கீழே படித்ததுதான். ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக என் பெயரே வந்துகொண்டிருந்தது. நன்றி, அவசியம் வாருங்கள். நன்றி, குடும்பத்தோடு வாருங்கள். நன்றி, சமோசாதான். கூட்டத்தில் பாதிப் பேர் நானேதான். மீதியில் சமோசா போண்டா ஆட்கள் இருவரும் ஆளுக்கொரு பத்து முறை வந்திருந்தார்கள், ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் கனடா. என்னையே நான் எண்ணி, எனக்கே சமோசா வாங்கி வைத்திருக்கிறேன். வாய்விட்டுச் சிரித்தேன். வெற்று வீட்டில் சிரிப்பு சுவரில் பட்டுத் திரும்பி வந்ததும் நிறுத்திவிட்டு அழுதேன்.

சமோசாக்களை என்ன செய்வது? மறுநாள் தூக்குச்சட்டிகளில் போட்டுக்கொண்டு, காலி மனைகளைத் தாண்டிப் போய்த் தெருவில் ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டினேன். "என்ன விசேஷங்க?" என்று கேட்டார்கள். "சும்மாதான்" என்றேன். "நீங்க அந்தக் கடைசி வீடுதானே, பூட்டியே இருக்குதுன்னு நினைச்சோம்" என்றாள் ஒரு பெண்.

வெள்ளிக்கிழமை என் கணவர் கேட்டார். "மீட்டிங் எப்படி? எத்தனை பேர் வந்தாங்க?"

"நல்ல கூட்டம் மச்சான்" என்றேன். கேமராவில் அவர் முகம் மலர்ந்தது. பக்கத்துக் கட்டில்காரரிடம் திரும்பி, என் வீட்டுக்காரிக்கு நல்ல கூட்டமாம் என்று சொன்னார்.

வலைப்பூவை மூடிவிடவில்லை. அப்படியெல்லாம் வீராப்பாக எதுவும் செய்கிற ஆள் நான் இல்லை. ஆனால் கம்ப்யூட்டருக்கு உறையைப் போட்டு, கடையிலிருந்து திரும்பிய பிறகுதான் கழற்றுவது என்று வைத்துக்கொண்டேன். நன்றிகளை மொத்தமாக ஒரே பின்னூட்டத்தில் சொன்னேன். பதிவுகள் சீக்கிரமாகக் கீழே இறங்கின. மொய் வைக்காதவள் வீட்டுக்கு யார் வருவார்கள்? மெதுவாக எல்லோரும் நின்றுபோனார்கள். சண்டை எதுவும் இல்லை. ஒருத்தரும் ஏன் என்று கேட்கக்கூட இல்லை.

காலையில் நோட்டைத் திறந்து உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. அவள் கோவளத்தில் நிற்கிறாள், கூடை இருக்கிறது, ஈரச்சாக்கு இருக்கிறது. ஆனால் அவள் ஏன் புறப்பட்டாள் என்பதே எனக்கு ஆறிப்போயிருந்தது. பல காலைகள் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு, லாரி வந்ததும் எழுந்து போனேன். வேறு போக்கிடம் இல்லாததால் தொடர்ந்து உட்கார்ந்தேன். அப்படியே ஒரு மழைக்காலம் போயிற்று. ஒரு நாள் மீன்காரம்மா கேட்டது நினைவுக்கு வந்தது. அம்மா வூட்டுல எத்தினி நாளைக்கு வெச்சிப்பாங்க? அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு எழுதினேன். பஸ் வந்தது. அவள் ஏறினாள். கண்டக்டர் எங்கேம்மா என்று கேட்டபோது அம்மா வீடு இருக்கிற பள்ளிக்கரணை என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், தாம்பரம் என்றாள். தாம்பரத்தில் இறங்கி அவள் வேலை தேடுகிற பக்கங்களை எழுதும்போது, லாரி வந்து போனதுகூட எனக்குக் கேட்கவில்லை. அன்று காலி மனைகளைத் தாண்டிப் போய், சமோசா கொடுத்த ஒரு வீட்டில்தான் தண்ணீர் கேட்டேன்.

எழுதி முடித்ததும் முதலில் சொல்ல வேண்டியது யாரிடம் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று அவள் வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை. அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். மழைக்காலத்துக்கு முன்பே அவள் வருவது நின்றிருந்தது. படகு போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, மார்க்கெட்டிலேயே மீன் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஒரு வாரம் பொறுத்துவிட்டுக் கோவளத்துக்குப் பஸ் ஏறினேன். பையில் அந்த அத்தியாயம் இருந்தது, படித்துக் காட்ட. நான் எழுதிய பஸ் நிறுத்தத்தை அன்றுதான் முதன்முறையாகக் கண்ணால் பார்த்தேன். நான் நினைத்ததைவிடச் சின்னது. நிழலில் கல் பெஞ்சில் மூன்று பெண்கள் கூடைகளோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"தாம்பரம் பக்கம் மீன் விக்க வருவாங்களே ஒரு அக்கா, அவங்களைப் பார்க்கணும்" என்றேன்.

"பேரு இன்னா?"

எனக்குத் தெரியவில்லை. மின்னல், மொட்டை மாடி, ஊர்சுற்றி என்று அத்தனை பேரும் அப்போது வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். என் வாசற்படியில் அத்தனை நாள் உட்கார்ந்திருந்தவளின் பெயர் எனக்குத் தெரியவில்லை.

"சேலையூர் வரைக்கும் வருவாங்க. முன்பல்லு ஒண்ணு லேசா உடைஞ்சிருக்கும். சிரிச்சா தெரியும்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அவளா?" என்றாள் ஓரத்தில் இருந்தவள். "அவ பூட்டாம்மா. மழைக்கு முன்னாடியே பூட்டா. இங்கதான் நின்னுகினு இருந்தா, கூடைய இடுப்புல வெச்சிகினு. யாவாரத்துக்குப் போறான்னு நாங்களும் கம்முனு இருந்துட்டோம். அன்னிக்கு அவ எவங்கிட்டயும் மீனு எடுக்கவே இல்லன்னு அப்பாலதான் தெரிஞ்சுது."

"எங்கே போனாங்க?"

"யாருக்குத் தெரியும்? அவ புருசன் அம்மா வூட்டுலயும் போய்ப் பாத்துட்டு வந்துட்டான். அங்க இல்ல."

தனக்காகத்தான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவள் கேட்டதெல்லாம் கதை இல்லை. எங்கே போவாள், யார் வைத்துக்கொள்வார்கள், வேலை கிடைக்குமா என்று என்னிடம்தான் கேட்டுக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். பதில் இப்போது என் பையில் தாளாக இருந்தது.

"நீ இன்னா வோணும் அவளுக்கு?" என்று நடுவில் இருந்தவள் கேட்டாள்.

"மீன் வாங்குறவ" என்றேன்.

அவள் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்த கூடையை இழுத்துத் தன் காலடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் இடம் விட்டாள்.

"குந்தும்மா. தாம்பரம் பஸ்ஸு இப்ப வந்துரும்."